பச்சை ஜூஸும் ஒரு பழைய கேள்வியும்



போன ஞாயிற்றுக்கிழமை ஒரு டம்ளர் பச்சை ஜூஸ் படம் போட்டிருந்தேன். பேத்தி எடுத்த படம். அதற்கு இவ்வளவு பேர் வந்து எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. தனித்தனியாகப் பதில் சொல்ல என் விரலுக்குத் தெம்பில்லை. அதனால் ஒரே பதிவாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். வகுப்பிலேயே நான் மணி அடித்த பிறகும் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

செய்முறை கேட்டவர்களுக்கு நடுவில் ஒரு பழைய மாணவன், "டீச்சர், எலுமிச்சம்பழக் கதையில நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல" என்று எழுதியிருந்தான். சிரிக்கிற பொம்மை ஒன்றும் போட்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது 1994. அவனுக்கு மறக்கவில்லை, எனக்கும் மறக்கவில்லை. இன்றைக்கு அதையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஜூஸ். ஜூஸுக்காக வந்தவர்கள் வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.

இரண்டு டம்ளருக்கு: கொத்தமல்லித்தழை ஒரு கைப்பிடி, இளந்தண்டோடு. புதினா 15 இலை. தோல் சீவிய வெள்ளரிக்காய் பாதி. இஞ்சி சுண்டுவிரல் நக அளவு. நெல்லிக்காய் கிடைத்தால் ஒன்று, கொட்டை நீக்கியது. உப்பு ஒரு சிட்டிகை. எலுமிச்சம்பழம் ஒன்று. தழைகளை மூன்று தண்ணீரில் அலசுங்கள். மண் அடியில் தங்கும், அதனால் தழையைத் தண்ணீரிலிருந்து தூக்கி எடுக்க வேண்டும், தண்ணீரைச் சாய்க்கக் கூடாது. பானைத் தண்ணீர் விட்டு மிக்சியில் அரைத்து, வேண்டுமென்றால் வடிகட்டி, கடைசியில் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். மிக்சியில் போட்டால் விதை அரைபட்டுக் கசக்கும். முன்னதாகவே பிழிந்து வைத்தால் புளிப்பு பட்டு இலையின் பச்சை மங்கி, பாசி நிறத்துக்குப் போய்விடும். இனிப்பு வேண்டுபவர்கள் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை போடலாம். சர்க்கரை வியாதி இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. செய்த உடனே குடித்துவிட வேண்டும். காலையில் அரைத்துப் பாட்டிலில் அடைத்துச் சாயங்காலம் குடிப்பதில் அர்த்தமில்லை. செம்புச் சொம்பிலோ ஈயம் பூசாத பித்தளையிலோ ஊற்றி வைக்கவே கூடாது. புளிப்பு பட்டால் களிம்பு ஏறும் என்று ஆச்சி சொல்வாள். களிம்பு மட்டுமல்ல, இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. அது கீழே வரும்.

இனி அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

ஏழாம் வகுப்பில் ஊட்டச்சத்துப் பாடம் நடத்தும்போது, வைட்டமின் சி குறைந்தால் ஸ்கர்வி என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்கு நான் ஒரு கதை சொல்வேன். ஆசிரியர் பயிற்சிப் பள்ளி நூலகத்தில் அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றில் படித்த கதை. ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், சாகக் கிடந்த மாலுமிகளுக்கு எலுமிச்சம்பழமும் ஆரஞ்சும் கொடுத்தார், அவர்கள் பிழைத்தார்கள், அது முதல் இங்கிலாந்துக் கப்பல்களில் ஸ்கர்வி ஒழிந்தது. எவ்வளவு அழகான கதை! அந்த வருடம் பெருமைக்காக இரண்டு வருடங்களையும் கரும்பலகையில் எழுதினேன். லிண்ட் சோதனை செய்தது 1747. கப்பற்படை எலுமிச்சைச்சாறு கொடுக்க ஆரம்பித்தது 1795.

கடைசி பெஞ்சில் இவன் எழுந்தான். "டீச்சர், 47லயே கண்டுபிடிச்சிட்டா 95 வரைக்கும் ஏன் குடுக்கல? நடுவுல செத்தவங்க எல்லாம் சும்மாவா செத்தாங்க?"

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "பரீட்சைக்கு வராததையெல்லாம் கேக்காத, உக்காரு" என்றேன். உட்கார்ந்தான். அந்த வருடம் முழுவதும் அவன் வேறு கேள்வி கேட்கவில்லை. இப்போது சொந்தமாக லாரி வைத்து, புளியங்குடி மார்க்கெட்டிலிருந்து எலுமிச்சை மூட்டை ஏற்றிப் போகிறான். அந்தப் பழத்துக்கும் அவனுக்கும் அப்படி ஒரு ஒட்டு.

தம்பி, பணி ஓய்வுக்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். நீ கேட்டது சரியான கேள்வி. நான் சொன்ன கதைதான் சரியில்லை.

ஸ்கர்வி வந்தால் முதலில் சோர்வு, பிறகு ஈறு வீங்கிக் கறுத்து ரத்தம் கசியும், பல் ஆடி விழும். ஆறிப்போன பழைய காயம்கூடத் திரும்பத் திறந்துகொள்ளும். நம் உடம்பின் சதையையும் தோலையும் பசைபோலப் பிடித்து வைக்கும் புரதத்தை உண்டாக்க வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் தையல் பிரிந்த துணிதான். ஆடு, மாடு, நாய் எல்லாம் தங்கள் உடம்பிலேயே அதைச் செய்துகொள்ளும். மனிதனுக்கும் குரங்குக்கும் கினிப்பன்றிக்கும் அந்த வித்தை கிடையாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். இரண்டு மூன்று மாதம் பச்சையாக எதுவும் கிடைக்காவிட்டால் சேமிப்பு தீர்ந்துவிடும். உப்புக் கண்டமும் காய்ந்த ரொட்டியும் தின்று கடலில் கிடந்தவர்களுக்கு இது வராமல் என்ன செய்யும்?

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த கதை நம் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் திரும்பிப் போன கதையை நாம் படித்ததில்லை. 1498 அக்டோபரில் நம் மேற்குக் கரையை விட்டுக் கிளம்பியவர்கள் ஆப்பிரிக்கக் கரையைப் பார்க்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. அந்த ஒரு கடப்பில் மட்டும் 30 பேர் ஈறு வீங்கிச் செத்தார்கள். மலிந்தியில் இறங்கியதும் நோயாளிகளுக்கு ஆரஞ்சுப் பழம் வேண்டும் என்றுதான் கேட்டார்கள். அதாவது மாலுமிகளுக்கு மருந்து ஏற்கெனவே தெரியும்! லிண்ட் பிறப்பதற்கு 200 வருடத்துக்கு முன்னாலேயே.

அந்தப் பழம் யாருடையது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சு, கிடாரங்காய் என்று இந்தக் குடும்பம் முழுவதற்கும் பூர்வீகம் இமயமலை அடிவாரமும் அசாம், பர்மா, தென்சீனப் பக்கமும்தான். நாம் நாரத்தை என்கிறோம், வடமொழியில் நாரங்கம், பாரசீகத்தில் நாரங், ஸ்பெயினில் நாரஞ்சா, ஆங்கிலத்தில் ஆரஞ்சு. இந்தச் சொல் வரிசைக்கு மூலமே திராவிட மொழிதான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. இலக்கணம் போதும், கப்பலுக்கு வருகிறேன்.

1601ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பயணம். ஜேம்ஸ் லங்காஸ்டர் தலைமையில் நான்கு கப்பல்கள். தலைமைக் கப்பலான ரெட் டிராகனில் மட்டும் அவர் பாட்டில்களில் எலுமிச்சைச்சாறு ஏற்றியிருந்தார். தினம் காலையில் வெறும் வயிற்றில் ஆளுக்கு மூன்று கரண்டி. ஆப்பிரிக்காவின் தென்முனையை நெருங்கியபோது மற்ற மூன்று கப்பல்களிலும் பாய் இறக்கக்கூட ஆட்களுக்குத் தெம்பில்லை. ரெட் டிராகன் ஆட்கள் போய்ப் படகு இறக்கிக் கொடுத்தார்கள். நூறு பேருக்கு மேல் செத்தாயிற்று. ஒரே கடல், ஒரே காற்று, சாறு கிடைத்த கப்பல் ஒன்று, கிடைக்காதது மூன்று. இதைவிடத் தெளிவாகக் கண்முன் ஒரு சோதனை நடக்க முடியுமா? ஆனால் அதைச் சோதனையாக யாரும் பார்க்கவில்லை. கம்பெனிக் கப்பல்களில் கொஞ்ச காலம் சாறு போனது, பிறகு அந்த வழக்கம் தேய்ந்துவிட்டது.

1740ல் ஆன்சன் என்ற ஆங்கிலத் தளபதி ஸ்பெயின்காரர்களின் பொக்கிஷக் கப்பலைப் பிடிக்கக் கிளம்பினார். கூட்டிப் போனது சுமார் 1900 பேர். செத்தது சுமார் 1400 பேர். எதிரி குண்டில் செத்தவர்கள் சொற்பம், பெரும்பாலும் நோய், அதிலும் ஸ்கர்வி. பொக்கிஷம் கிடைத்தது, லண்டன் தெருவில் வண்டி வண்டியாக ஊர்வலம் போனது. அந்த ஊர்வலத்தைப் பற்றிப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இப்போது லிண்ட். 1747 மே மாதம், சாலிஸ்பரி என்ற போர்க்கப்பல். 12 நோயாளிகள், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நோய். ஒரே இடத்தில் படுக்க வைத்து, ஒரே சாப்பாடு கொடுத்து, இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். முதல் ஜோடிக்கு ஆப்பிள் மது. அடுத்த ஜோடிக்கு நீர்த்த கந்தக அமிலச் சொட்டு. மூன்றாவதற்கு வினிகர். நான்காவதற்குக் கடல் தண்ணீர், பாவம். ஐந்தாவதற்குத் தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும். ஆறாவதற்குப் பூண்டு, கடுகு எல்லாம் அரைத்த லேகியம், அதோடு பார்லிக் கஞ்சித் தண்ணீரில் புளி கரைத்துக் கொடுத்தார். ஆமாம், நம் புளியேதான்! இதைப் படித்தபோது "எங்க ஊர் ரசத்துக்கும் இடம் கொடுத்திருக்கார்" என்று எங்கள் வீட்டு சாரிடம் சொன்னேன். ரசம் தோற்றுவிட்டது. பழம் தின்ற இருவரில் ஒருவன் ஆறே நாளில் வேலைக்குத் திரும்பினான், மற்றவன் எழுந்து நடந்து மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற அளவுக்குத் தேறினான். ஆறு நாளோடு பழம் தீர்ந்துவிட்டது. அடுத்தபடியாகக் கொஞ்சம் தேறியது ஆப்பிள் மது குடித்தவர்கள்.

பிள்ளைகளே, புளிப்புதான் மருந்து என்றால் வினிகரும் அமிலமும் புளியும் வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. இதைக் கவனித்து வையுங்கள்.

சரி, 48 வருடம் ஏன்?

முதல் குற்றவாளி லிண்டேதான். 1753ல் அவர் எழுதிய தடிமனான புத்தகத்தில் இந்தச் சோதனைக்குக் கிடைத்தது சில பத்திகள் மட்டும். ஈரக் காற்றால் வேர்வைத் துவாரம் அடைபடுவதுதான் ஸ்கர்விக்குக் காரணம் என்று அவர் கடைசிவரை நம்பினார். பழம் அதற்குப் பல மருந்துகளில் ஒன்று, அவ்வளவே. கண்ணால் பார்த்ததைவிடப் படித்த பாடம் அவருக்குப் பெரிதாக இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இரண்டாவது இன்னும் மோசம். பழம் கப்பலில் அழுகிவிடும், அதனால் சாற்றை மெல்லச் சூடாக்கிச் சுண்ட வைத்துக் குழம்பாக்கி பாட்டிலில் அடைக்கலாம் என்று அவரே வழி சொன்னார். பல மணி நேரம் சூட்டில் வைத்தால் வைட்டமின் சி என்ன ஆகும்? போய்விடும். மிச்சத்தை பாட்டிலில் கிடந்த மாதங்கள் முடித்துவிடும். அந்தக் குழம்பைக் கொடுத்துப் பார்த்தவர்கள், எலுமிச்சை பிரயோஜனமில்லை என்று எழுதி வைத்தார்கள். மருந்தைக் கொன்றுவிட்டு மருந்தைக் குறை சொன்ன கதை. எலுமிச்சை சாதத்துக்கும் ரசத்துக்கும் இறக்கின பிறகு பிழி, கொதிக்கும்போது பிழியாதே என்று அம்மா சொல்வாள். அவள் சொன்னது கசக்கும் என்பதற்காக. காரணம் வேறானாலும் செய்தது சரி.

மூன்றாவது ஆள் கேப்டன் குக். ஊர் உலகம் சுற்றியும் ஸ்கர்விக்கு ஆள் சாகாமல் கொண்டுவந்தவர், அதற்காக 1776ல் ராயல் சொசைட்டி பதக்கமே கொடுத்தது. அவர் கரை கண்ட இடமெல்லாம் இறங்கிக் கீரையும் புல்லும் பறித்து மாலுமிகளை வற்புறுத்தித் தின்ன வைத்தவர். புண்ணியம் அதற்கு. ஆனால் பெயர் போனது முளைகட்டிய பார்லிக் கஷாயத்துக்கு. அது மலிவு, எலுமிச்சை விலை அதிகம். பெரிய மனிதர் சொன்னால் மலிவான பொய்க்கும் மவுசு வந்துவிடும். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் கஷாயம்தான்.

நான்காவது காரணம், மாலுமியின் உயிருக்கு விலையில்லை. தெருவில் போகிறவனைப் பிடித்துக் கப்பலில் ஏற்றுகிற காலம் அது. ஒருவன் செத்தால் இன்னொருவன். எவ்வளவு எலுமிச்சை வாங்குவது, யார் காசு கொடுப்பது?

கடைசியில் இந்த முடிச்சு அவிழ்ந்த கப்பல் எங்கே வந்து நின்றது தெரியுமா? நம் மதராசில்!

கில்பர்ட் பிளேன் என்ற மருத்துவருக்குப் பெரிய இடத்துச் செல்வாக்கு இருந்தது. அவர் போன்றவர்களின் முயற்சியால் 1794ல் சஃபோக் என்ற 74 பீரங்கிக் கப்பல், ரெய்னியர் என்ற தளபதியின் கீழ், சாறு ஏற்றிக்கொண்டு கிளம்பியது. சுண்ட வைக்காத சாறு. தினம் ஆளுக்கு ஏறக்குறைய 20 மில்லி, இரண்டு அவுன்ஸ் சர்க்கரையோடு, அவர்கள் குடிக்கும் சாராயக் கலவையில் விட்டுக் கொடுத்தார்கள். வழியில் எங்கும் கரை தொடவில்லை. 23 வாரமும் ஒரு நாளும் கடலிலேயே. நடுவில் சிலருக்கு ஸ்கர்வி தலைகாட்டியது, சாற்றின் அளவைக் கூட்டியதும் அடங்கியது. மதராஸ் வந்து நங்கூரம் போட்டபோது ஒரு உயிர்கூடப் போகவில்லை. நோயாளிப் பட்டியலில் 15 பேர், அதில் ஒருவனுக்கும் ஸ்கர்வி இல்லை.

அப்போது மதராசில் துறைமுகம் கட்டவில்லை. கப்பல் தூரத்திலேயே நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகில் நம் கடற்கரை ஆட்கள் போய் அலையைத் தாண்டிச் சாமானையும் ஆட்களையும் இறக்கிக் கொண்டுவருவார்கள். எலுமிச்சம்பழம் வீட்டு முற்றத்தில் காய்த்துக் கிடக்கிற ஊரில், எலுமிச்சைச்சாறு மருந்து என்று நிரூபித்த கப்பல் வந்து நின்றபோது, துடுப்பு வலித்தவர்களுக்கு அது தெரிந்திருக்குமா? நான் இதை அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். மெரினாவில் பேத்தியோடு நின்றபோது அந்தத் திசையைக் காட்டி அவளிடம் சொன்னேன். அவள் சுண்டல் வேண்டும் என்றாள்.

மறுவருடம், 1795ல், கப்பற்படை எலுமிச்சைச்சாற்றை ஒப்புக்கொண்டது. எல்லாக் கப்பலுக்கும் போய்ச்சேர இன்னும் சில வருடம் ஆனது. அதே 1795 ஆகஸ்டில் அதே ரெய்னியரின் படை டச்சுக்காரர்களிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தது. மாலுமிகள் சாகாமல் இருந்தால் கப்பல் மாதக்கணக்கில் கடலிலேயே நிற்கலாம், எதிரித் துறைமுகத்தை வளைத்து வைக்கலாம், நம்மைப் போன்றவர்களை ஆளலாம். உயிர் காத்த பழம்தான், ஆனால் யார் கைக்குப் போனது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். இவ்வளவு பாடுபட்டுக் கற்றதைத் திரும்பவும் தொலைத்தார்கள்.

சிசிலி, மால்டாப் பக்கத்து மஞ்சள் எலுமிச்சைக்குப் பதிலாக 1860களில் கப்பற்படை மேற்கிந்தியத் தீவுகளின் சிறிய பச்சை எலுமிச்சைக்கு மாறியது. அவர்கள் சொந்தத் தோட்டம், அதனால் லாபம். ஆங்கிலத்தில் ஒன்று லெமன், ஒன்று லைம். நம் ஊரில் கிடைப்பது லைம் வகை. தமிழில் இரண்டும் எலுமிச்சைதான். பழத்தைத் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள், நம் பழத்தைப் பிழிந்த உடனே குடித்தால் நல்லதுதான். ஆனால் அந்தச் சாற்றைச் செம்புக் குழாய் வழியே ஓட்டி, தொட்டிகளில் தேக்கி, மாதக்கணக்கில் வைத்தார்கள். காற்றும் செம்பும் சேர்ந்தால் வைட்டமின் சி வேகமாக அழியும். செம்புச் சொம்பு கூடாது என்று மேலே சொன்னேனே, அந்த நஷ்டம் இதுதான்.

நீராவிக் கப்பல் வந்து பயணம் குறுகிவிட்டதால் அந்தச் சாறு செத்த சாறு என்பது யாருக்கும் தெரியவில்லை. 1875ல் நேர்ஸ் என்பவர் வடதுருவப் பக்கம் போனபோது வெளுத்துவிட்டது. பனிவண்டி இழுத்துப் போனவர்கள் சாறு கொண்டுபோகவில்லை என்பதும் உண்டு, ஆனால் நிறையப் பேர் ஸ்கர்வியில் விழுந்தார்கள். பிறகு வந்த மேதாவிகள் எலுமிச்சையே வீண், கெட்டுப்போன டின் இறைச்சியின் விஷம்தான் காரணம் என்றுகூடச் சொன்னார்கள். 1747ல் தெரிந்தது 1900ல் தெரியவில்லை!

அதன் விலையை நம் ஆட்களும் கொடுத்தார்கள். முதல் உலகப்போரில், 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை, இன்றைய ஈராக்கில் உள்ள கூட் என்ற ஊரில் பிரிட்டிஷ் இந்தியப் படை முற்றுகையில் சிக்கியது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் குதிரைக் கறியும் வெள்ளை ரொட்டியும் தின்றார்கள், அவர்களுக்கு பெரிபெரி வந்தது. இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோர் குதிரைக் கறியைத் தொடவில்லை. கோதுமை மாவு கிடைத்ததால் பெரிபெரி இல்லை, காயும் கறியும் இல்லாததால் ஸ்கர்வி வந்தது. ஒரே கோட்டைக்குள் இரண்டு பட்டினி.

இதைத் தீர்த்ததில் பெண்களுக்கு முக்கியமான பங்கு உண்டு, அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன். 1907ல் நார்வேக்காரர்களான ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் கினிப்பன்றிக்கு ஸ்கர்வி வரவைத்துக் காட்டியிருந்தார்கள். லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக் என்ற அம்மையாரும் அவருடைய தோழிகளும் அதே வழியில் ஒவ்வொரு உணவாகச் சோதித்தார்கள். 1918ல் முடிவு வந்தது: புதிய லெமன் சாற்றோடு ஒப்பிட்டால் லைம் சாற்றுக்குக் கால்வாசி சக்திதான், பதப்படுத்திய லைம் சாற்றுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. இன்னொன்றும் கண்டார்கள். காய்ந்த பயறில் ஸ்கர்வியைத் தடுக்கும் சத்து இல்லை, அதையே ஊறவைத்து முளைகட்டினால் வந்துவிடுகிறது. பழமே கிடைக்காத பாலைவனப் படைக்கு முளைப்பயறு. சத்துணவில் முளைப்பயறு கொடுத்த நாட்களில் மூஞ்சியைச் சுளித்தவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வைட்டமின் சி என்ற பொருள் கையில் சிக்கியது 1928க்கும் 1932க்கும் இடையில். ஹங்கேரியைச் சேர்ந்த சென்ட் கியார்கி அதைப் பிரித்தெடுத்தார். முதலில் அது என்னவென்று தெரியாததால், "தெரியாது" என்று பொருள்படப் பெயர் வைத்துக் கட்டுரை அனுப்பினார். பத்திரிகை ஆசிரியர் மறுத்ததும் "கடவுளுக்கே தெரியும்" என்று பொருள்பட இன்னொரு பெயர் வைத்தார். அதுவும் நடக்கவில்லை. கடைசியில் அவர் ஊரில் மலிவாகக் கிடைத்த சிவப்பு மிளகாய் வகையிலிருந்து ஏராளமாக எடுத்தார். 1937ல் நோபல் பரிசு. தெரியாது என்பதைத் தலைப்பிலேயே போடத் துணிந்த மனுஷர். 1994ல் எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

அதே 1937ல் நம் குன்னூரில் ஒரு வேலை நடந்தது. அங்கே மெக்காரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடம் இருந்தது, பிறகு 1958ல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. ஐக்ராய்டு என்பவர் தலைமையில், இந்திய உணவுகளில் எதில் என்ன சத்து என்று அளந்து ஒரு சிறு நூலாக வெளியிட்டார்கள். பின்னாளில் அந்த வரிசையில் வந்த பதிப்பில் நான் பார்த்த அளவுகள், 100 கிராமுக்கு: நெல்லிக்காய் 600 மில்லிகிராம், முருங்கைக்கீரை 220, கொய்யா 212, கொத்தமல்லித்தழை 135. புதிய அளவீடுகளில் சில எண்கள் குறைந்திருக்கின்றன, ஆனாலும் நெல்லி நெல்லிதான். 1939, 40ல் ஹிசார் பஞ்சத்தில் ஸ்கர்வி வந்தவர்களுக்கு நெல்லிக்காய் கொடுத்துத்தான் தேற்றினார்கள். அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனியை நாம் ஊறுகாய் ஜாடியோடு நிறுத்திவிட்டோம்.

அதனால்தான் என் ஜூஸில் கொத்தமல்லியும் நெல்லியும் சத்துக்கு, எலுமிச்சை ருசிக்கும் துணைக்கும். தழையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர இந்தப் புளிப்புப் பழங்கள் உதவும். குடித்த கையோடு டீ குடித்தால் அந்த உதவி குறைந்துவிடும்.

இனி எழுதக் கஷ்டமான பகுதி. அத்தானிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பச்சை ஜூஸ் 48 நாள் குடித்தால் சர்க்கரை வியாதி அடியோடு போகும், மாத்திரையே வேண்டாம் என்று. கும்பிடும் கை, பூ எல்லாம் போட்டிருந்தது. எங்கிருந்தோ எனக்கு வந்ததை எல்லோருக்கும் அனுப்பியது நான்தான். படித்துப் பார்த்தேன், நல்ல விஷயம்தானே என்று விரலைத் தட்டினேன். "டீச்சரம்மா அனுப்பினா சரியாத்தான் இருக்கும்" என்று அத்தான் மாத்திரையை நிறுத்திவிட்டு, விடியற்காலை எழுந்து ஜூஸ் குடித்திருக்கிறார். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. 48 நாளும் முடியவில்லை. காலில் செருப்பு கடித்த சின்னப் புண், ஆறாமல் பரவி, வலது கால் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அத்தான்தான், "நீ நல்லதுன்னுதானே அனுப்பின" என்றார்.

12 பேரை ஆறு ஜோடியாகப் பிரித்து, ஒரே சாப்பாடு கொடுத்து, எது வேலை செய்கிறது என்று பார்த்த மனிதரின் கதையை எத்தனையோ வருடம் வகுப்பில் சொன்னவள் நான். யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கொடுக்காதவர்களுக்கு என்ன ஆயிற்று, உனக்கு எப்படித் தெரியும் என்று அந்தச் செய்தியிடம் ஒரு கேள்வி நான் கேட்கவில்லை. பின்பெஞ்சில் இருந்தவன் கேட்டிருப்பான்.

ஆகவே சொந்தபந்தங்களுக்குத் தெளிவாக எழுதுகிறேன். நான் அனுப்பிய அந்தச் செய்தி தவறு. வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள், வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். இந்த ஜூஸ் வெயிலுக்கு இதமான பானம், அவ்வளவுதான். சர்க்கரையையோ ரத்தக்கொதிப்பையோ போக்காது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் தினமும் பச்சைச் சாறு குடிக்கும் முன் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

அத்தான் இப்போது வாசல்வரை தானாக நடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை படத்தில் டம்ளருக்குப் பின்னால் கொஞ்சம் தெரிகிற கை அவருடையதுதான். மாத்திரை போட்டாச்சா என்று கேட்டு, அட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரைக் கொடுத்தேன். "வாத்தியார் புத்தி போகுதா பாரு" என்று அக்கா சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னிடம் சிரித்தாள்.

லாரிக்காரத் தம்பி, உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். தாமதம் 48 வருடம் இல்லை, முப்பது சொச்சம்தான். இதில் சந்தேகம் இருந்தால் கேள், இந்தத் தடவை உட்காரச் சொல்லமாட்டேன். இந்தப் பக்கம் லோடு ஏற்றி வரும்போது வீட்டுக்கு வா. பழம் நாலு கொண்டுவந்தால் போதும், மூட்டை வேண்டாம். கொத்தமல்லி தொட்டியில் நிறைய இருக்கிறது.